மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி: ரிட்டுக்சிமாப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டி பழுதாகி, சிறுநீரில் புரதம் கசியும் நோய்) என்று பயாப்ஸியில் உறுதியாகியிருக்கிறது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை, அப்புறம் ரத்தத்தில் பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடி பாசிட்டிவ். அதாவது, சிறுநீரக வடிகட்டியில் உள்ள பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்தையே உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. 2009-ல்தான் இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள்; முதன்மை வகை (வேறு நோயால் வராத வகை) நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இது இருக்கிறதாம்.

என் கவலை வேறு. எதிர்ப்பு சக்தி ஒரு பக்கம் தப்பாகத் தாக்குகிறது. இன்னொரு பக்கம், தொற்றிலிருந்து காக்க வேண்டிய ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடுகிறது. அண்ணனுக்கு அடிக்கடி சளி, தோலில் தொற்று. இந்த நிலையில் ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து என்றால் பயமாக இருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை முடிந்துவிட்டது. நிமோகோகல் (நிமோனியா) தடுப்பூசியை மருந்துக்கு எவ்வளவு நாள் முன்பு உங்களுக்குப் போட்டார்கள்? ஐஜிஜி அளவை அடிக்கடி பார்த்தார்களா? மருந்துக்குப் பிறகு தொற்று கூடியதா? ஆன்டிபாடி குறைந்து எவ்வளவு காலம் கழித்துச் சிறுநீரில் புரதம் குறைந்தது?

மூலிகை யோசனைகள் தயவுசெய்து வேண்டாம், சிறுநீரகம் தாங்காது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் சரியாகக் கேட்டுக்கொள்வேன்.