பாம்பன் பழைய பாலம்: ‘துலாப் பாலம்’ என்ற சொல் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தின் வரைபடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே சிக்கல். கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அந்த நடுக்கண்ணை (கண் என்றால் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதி) இத்தனை வருடமாகத் ‘தூக்குப் பாலம்’ என்றோம், யாருக்கும் குழப்பமில்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். அதன் 72.5 மீட்டர் நடுக்கண் லிஃப்ட் மாதிரி, படுத்த வாக்கிலேயே மேலே போகிறது. அதுவும் தூக்குப் பாலம்தான். ஒரே கடலில் அருகருகே இரண்டு விதமான இயக்கம், இரண்டுக்கும் ஒரே பெயர்.

பழையதற்கு நேற்று ‘மடக்குப் பாலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே எதுவும் மடங்குவதில்லை. இரண்டு கதவுகள் நடுவில் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாக நிமிர்கின்றன. ‘சாய்வுப் பாலம்’ என்றால் சரிவான பாலம் என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘பாஸ்க்யூல்’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல். சிறுவர்கள் இரு முனையிலும் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகைக்கும் அந்தப் பெயர், எடை பார்க்கும் கருவிக்கும் அதே பெயர். இதைப் படித்ததும் எனக்குத் துலாதான் நினைவுக்கு வந்தது. தராசும் துலா, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நெடுமரமும் துலா. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் துலா என்றால் விளக்கமே தேவையில்லை. அதன் வால்பக்கம் கல்லைக் கட்டிவிட்டால், நிறைந்த வாளியும் லேசாக மேலே வரும். பாம்பனிலும் அதே கணக்குதான்: கதவின் வால்பக்கத்தில் எதிர்ப்பாரம். அதனால்தான் அவ்வளவு இரும்பையும் மோட்டார் இல்லாமல், ஆட்கள் கையால் சுற்றியே திறக்க முடிந்தது.

துலா வடசொல் என்ற ஆட்சேபம் வரும், தெரியும். ‘ஏற்றம்’ என்று வைத்துப் பார்த்தேன். ‘ஏற்றப் பாலம்’ என்று படிப்பவர் மேட்டில் ஏறும் பாலத்தைத்தான் நினைப்பார். கிணற்றடியில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல்லை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. லாரியை எடைபோடும் இடத்தோடு குழம்புமோ என்றால், அதற்கு எடைமேடை என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

ஆனால் ‘துலாப் பாலம்’ மட்டும் போதாது. லண்டன் டவர் பாலமும் (1894) துலாப் பாலம்தான். அதில் கதவு நிலையான அச்சில் சுழல்கிறது. பாம்பனில் அப்படி அச்சே கிடையாது. கதவின் அடி, ஆடும் மரக்குதிரையின் கால் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு தண்டவாளம் போன்ற ஒரு பாதையில் பின்பக்கமாக உருள உருள, கதவு நிமிர்ந்துகொண்டே கரைப்பக்கம் விலகிப்போகும். நிமிர்வதோடு பின்வாங்கவும் செய்வதால் கப்பலுக்கு வழி இன்னும் அகலமாகக் கிடைக்கும். சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சரின் யோசனை இது. அவர் 1893இல் இளவயதிலேயே இறந்துபோனார். சகோதரர் ஆல்பர்ட்தான் அதைத் தொடர்ந்து கொண்டுசென்றார். அந்த உருளுதலைப் பெயரில் விட்டுவிட்டால் ஷெர்சர் செய்ததையே விட்டுவிட்ட மாதிரி.

ஆகவே என் முன்மொழிவு: பாம்பன் பழையது ‘உருள்துலாப் பாலம்’, லண்டனில் இருப்பது ‘அச்சுத்துலாப் பாலம்’, பாம்பன் புதியது ‘நேர்தூக்குப் பாலம்’. ‘தூக்குப் பாலம்’ மூன்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். ஊர்க்காரர்கள் வாயில் இருக்கும் சொல்லைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. 1914 பிப்ரவரியில் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் மற்ற கண்களில் பெரும்பாலானவை கடலோடு போனபோதும் இந்த உருளும் கண் தாங்கி நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீரமைத்தார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. இனி வருகிறவர்கள் அது உருண்டதைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை, படத்தையும் குறிப்பையும் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

உறுப்புகளில் கதவு, எதிர்ப்பாரம் இரண்டும் சரி என்று நினைக்கிறேன். வளைந்த அடிக்கு ‘வளைகால்’ போட்டிருக்கிறேன். வளைகால் வழுக்காமல் இருக்கப் பாதையில் வரிசையாக முளைகள் இருக்கும், அவை வளைகாலில் உள்ள குழிகளில் போய் உட்காரும். அந்த முளைக்கும் குழிக்கும் இன்னும் சொல் அமையவில்லை. அங்கே கதவைச் சுற்றித் திறந்த தொழிலாளர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அதையே வைத்துவிடலாம்.