சனிக்கிழமை ஊருக்கு விருந்தாளிகள்

குழு: கீழக்கரை குடும்பம்

சுமையா: அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை என் கல்லூரித் தோழிகள் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில் நம் ஊருக்கு வருகிறார்கள். ஒரு பகல்தான் இருப்பார்கள். எதைக் காட்டலாம்?

காக்கா: வ அலைக்குமுஸ்ஸலாம். பழைய ஜும்ஆ பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போ. இந்தியாவின் முதல் பள்ளிவாசலே நம் ஊரில்தான் என்று சொல்.

துபாய் சாச்சா: கூட்டிப் போகட்டும், சரி. ஆனால் கேரளத்தில் கொடுங்கல்லூர்க்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள், குஜராத்தில் கோகாவிலும் சொல்கிறார்கள். அந்தப் போட்டி நமக்கு எதற்கு? சீதக்காதி வள்ளல் கட்டிய பள்ளி கண்முன்னே நிற்கிறதே!

சுமையா: ஒருத்தி தமிழ் எம்.ஏ. படிக்கிறாள், சாச்சா. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாளாம். அவர் கீழக்கரைக்காரர் என்று நான் சொல்லித்தான் தெரியும்.

துபாய் சாச்சா: இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பழமொழி தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, ஊர்ப்பேர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், டச்சுக்காரர்கள் ஏடுகளில் பெரியதம்பி என்று பேர் வாங்கிய வணிகர். நபிகள் வரலாற்றைச் சொல்லும் சீறாப்புராணத்தை உமறுப்புலவர் பாடத் தொடங்கியதே அவர் ஆதரவில்தான். வள்ளல் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் கைகொடுத்தார். அந்தப் பெண்ணை வள்ளலின் அடக்கத்தலத்துக்கு அவசியம் கூட்டிப் போ.

துபாய் சாச்சா: வள்ளல் கட்டிய பள்ளியில் தூண்களை அண்ணாந்து பார்க்கச் சொல். தூணின் தலைப்பகுதியான போதிகையில் பூ வேலைப்பாடு இருக்கும், மனித உருவமோ விலங்கோ இருக்காது. பாண்டிநாட்டுக் கோயில் மண்டபத்தில் பார்க்கிற அதே கல்வேலை, நடுவே கிப்லாவை, அதாவது மக்காவின் கஃபா இருக்கும் திசையை, நோக்கித் தொழுகை வரிசை. 17ஆம் நூற்றாண்டில் நம் ஆட்கள் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். இங்கே எத்தனையோ பளிங்குப் பள்ளிகளில் தொழுகிறேன், மனம் அந்தக் கருங்கல்லைத்தான் தேடுகிறது.

பெரிய மாமி: மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் அடக்கத்தலத்துக்கு ஜியாரத் போவதை விட்டுவிடாதே மகளே. காயல்பட்டினத்தில் பிறந்து நம் ஊரில் அடங்கியவர்கள். அப்புறம் மார்க்கக் கல்வி நடந்த அரூஸிய்யா தைக்கா. மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் அரபுத்தமிழ் கிதாபு (புத்தகம்) ஒன்று நம் அலமாரியில் இருக்கிறது, உம்மும்மா (பாட்டி) ஓதியது. ஓரமெல்லாம் பொடிந்துவிட்டது, மெதுவாகத் திற. எழுத்து அரபு, நீ வாசித்தால் வருவது தமிழ். தமிழ் படிக்கிற பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சுமையா: மாமி, நீங்களே வாசித்துக் காட்டுங்களேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

பெரிய மாமி: வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமையே நம் ஊர் இனிப்பு தொதல் கிண்டிவிடுகிறேன். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் வாங்க ஆள் அனுப்பு. எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கிண்டணும், பாதியில் கை மாற்ற ஒரு ஆள் வேண்டும்.

காக்கா: நான் வருகிறேன் மாமி. சுமையா, லுஹர் (நண்பகல் தொழுகை) ஜமாஅத் முடிந்த பிறகு பள்ளிக்கு வாருங்கள். பெண்கள் எதுவரை வரலாம், படம் எடுக்கலாமா என்று நாளைக்கே நிர்வாகத்தில் கேட்டு வைக்கிறேன். தலைக்குத் துப்பட்டா கொண்டுவரச் சொல்.

சுமையா: சரி காக்கா. ராமநாதபுரத்தில் பத்து மணிக்கு இறங்குவார்கள்.

காக்கா: பேருந்து நிலையத்துக்கு நானே கார் எடுத்து வருகிறேன்.