8 பழக்கங்களை ஒரே நாளில் தொடங்கி 20ஆம் நாளில் கைவிட்டேன்: எங்கே தவறு செய்தேன்?

கேள்வி: வெற்றுக்கட்டம்

அனைவருக்கும் வணக்கம். முழுநேர வேலையும் இரண்டு பிள்ளைகளும் உள்ள தாய் நான். வேலை, வீடு, உடல்நலம், வாசிப்பு ஆகியவற்றில் எதுவும் மற்றொன்றை விழுங்கிவிடாதபடி நாட்களை நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் ஒன்றுக்கு 8 கட்டங்கள் வரைந்து, அதிகாலை 5 மணிக்கு எழுவது, அரை மணி நேரம் நடப்பது, 15 நிமிடம் தியானம் செய்வது, 20 பக்கம் வாசிப்பது, நாட்குறிப்பு எழுதுவது, வரவுசெலவைக் குறித்து வைப்பது, பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவது, இரவு 10 மணிக்குப் படுப்பது ஆகிய எட்டையும் ஒரே நாளில் தொடங்கினேன்.

19 நாட்கள் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. 20ஆம் நாள் இளையவனுக்குக் காய்ச்சல் கண்டது. நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும், அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, மேசை மேல் திறந்து கிடந்த நோட்டில் அன்றைய 8 கட்டங்களும் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். அவன் குணமாக நான்கு நாட்கள் ஆயின. அதன் பிறகு அந்த நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை.

எந்தப் பழக்கமும் 21 நாட்களில் நிலைபெற்றுவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டே நாள் வித்தியாசத்தில் அதைத் தவறவிட்டேன் என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் தவறினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்தானா? ஒரே நேரத்தில் எத்தனை பழக்கங்களைத் தொடங்கலாம்? வீட்டில் யாருக்காவது உடல்நலம் குன்றும் நாட்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: நூல்கண்டு

வணக்கம், சகோதரி. கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்த 21 நாள் கணக்கைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய தோற்றத்துக்கு மனத்தளவில் பழகுவதற்குக் குறைந்தது ஏறக்குறைய 21 நாட்கள் ஆகின்றன என்று 1960இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அது ஒரு மருத்துவர் தம் நோயாளிகளிடம் கவனித்ததே தவிர, பழக்கங்களை அளந்து பார்த்த ஆய்வு அன்று. வாய்வழியாகப் பரவியபோது 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.

அளந்து பார்த்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் தொடர்ந்து கவனித்து, 2010இல் அச்சில் வந்த கட்டுரையில் முடிவுகளை விவரித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு, ஏற்கெனவே நாள்தோறும் நிகழும் ஏதாவது ஒன்றை ஒட்டி அதைச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. யோசிக்காமல் தானாகவே நடந்துவிடும் நிலையை அந்தச் செயல் எட்டுவதற்கு ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள் என்று தெரியவந்தது. ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆகவே 19 நாட்களில் உங்களுக்குப் பழக்கம் ஏற்படாமல் போனதில் வியப்பும் இல்லை, உங்கள் மன உறுதியில் குறையும் இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அதே ஆய்வில் இருக்கிறது. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், புதிய பழக்கம் வேரூன்றும் வரை ஒரு விலக்குக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்தியதோடு, கவனமாகச் சுற்றிவந்த நூல்கண்டைக் கை தவறவிட்டால் பல சுற்றுகள் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும் என்று உவமையும் சொன்னார். நம்மில் பலர் இன்றும் அந்த அச்சத்தோடுதான் பழக்கங்களைத் தொடங்குகிறோம். லாலி குழுவினரின் அளவீட்டிலோ, இடையில் ஒரு வாய்ப்பு தவறியதால் பழக்கம் உருவாகும் போக்கில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதும் தெரியவில்லை. உங்களைப் பின்னடையச் செய்தது காய்ச்சல் நாள் அல்ல, அதற்குப் பிறகு மூடியே கிடந்த நோட்டுதான் என்பது என் கருத்து.

பழக்கம் ஏன் ஒரு முன்நிகழ்வைச் சார்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியல் குழுவினர், வழிப்பாதையில் ஓடப் பழகிய எலிகளின் மூளையின் ஆழத்தில், பேசல் கேங்க்லியா என்ற பகுதியில் நரம்பணுக்களின் இயக்கத்தைப் பதிவு செய்தார்கள். தொடக்க நாட்களில் ஓட்டம் முழுவதும் இயங்கிய நரம்பணுக்கள், பாதை பழகப் பழக, ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அதிகமாக இயங்கி, நடுவில் அடங்கிவிட்டன. தொடங்கி வைக்கும் குறிப்பு ஒன்று கிடைத்துவிட்டால் மீதிச் செயல் ஒரே கோவையாக ஓடிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த நோக்கில் உங்கள் பட்டியலைப் பாருங்கள். எழுவது, நடப்பது, தியானம், வாசிப்பு ஆகிய நான்குமாவது அதிகாலை 5 மணியை நம்பியே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நான்கு குடங்களையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டது போன்ற ஏற்பாடு அது. ஆணி அசைந்த அன்று எல்லாம் ஒன்றாக விழுந்தன. 'எந்தச் செயலை முடித்தவுடன், எந்த இடத்தில், எதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது வெறும் தீர்மானத்தைவிட நன்றாகப் பலன் தருகிறது என்று, 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் காட்டியிருக்கிறார்கள்.

எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையும் சுருக்குங்கள். எவ்வளவு சுருக்குவது என்பதற்கு நீங்களே அளவுகோல் கொடுத்துவிட்டீர்கள்: பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்ட அந்த இரவில்கூட இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 20 பக்கம் முடியாது, ஒரு பக்கம் முடியும். அந்தக் காய்ச்சல் நாள் அளவையே அன்றாட அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செய்ய மனமும் நேரமும் இருந்தால் செய்யலாம், ஆனால் அதைக் கடமையாக்கிக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி 2: சுழற்பணி

மேலே ஆசிரியர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் செவிலியர். ஒரு வாரம் காலைப் பணி, மறு வாரம் மாலைப் பணி, அடுத்த வாரம் இரவுப் பணி என்று மாறிக்கொண்டே இருப்பதால், 'காலை 5 மணிக்கு' என்று தொடங்கும் எந்த அறிவுரையும் எனக்குப் பயன்பட்டதில்லை.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஓயாமல் நின்று பணி செய்வதால் வந்த முதுகுவலிக்காக, 'வீட்டுக்கு வந்தவுடன்' முதுகுப் பயிற்சி செய்வது என்று முதலில் முடிவெடுத்திருந்தேன். அது நிலைக்கவில்லை. வீட்டுக்கு வருவது என்பது கதவைத் திறப்பது, பையை வைப்பது, யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வது, துணி மாற்றுவது என்று நீண்டுகொண்டே போகும் ஒன்று. அதில் எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்பது எனக்கே தெரியவில்லை. பிறகு, கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரித் தட்டில் வைக்கும் கணத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பணி முடிந்து வந்தாலும் அது ஒரே ஒரு முறைதான் நிகழும், எப்போது முடிந்தது என்பதிலும் ஐயமில்லை. கடிகாரம் தட்டில் பட்டதும், பக்கத்துச் சுவரில் முதுகைப் பதித்து நின்று, இரு கைகளையும் மெல்ல உயர்த்தி இறக்குவேன். பத்து முறை, அவ்வளவுதான்.

ஐந்து மாதங்களுக்குப் பிறகு கடிகாரம் பழுதாகிக் கடையில் இருந்த ஒரு நாள், வீட்டுக்குள் வந்ததும் என் வலக்கை தானாகவே வெறும் மணிக்கட்டைத் தடவியது. கழற்ற ஒன்றும் இல்லை. ஆனாலும் கால்கள் அந்தச் சுவரருகே போய் நின்றுவிட்டன. அதன் பிறகு இந்தப் பயிற்சியைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. அடுத்த பழக்கத்தை அப்போதுதான் தொடங்கினேன்.

மறுமொழி 3: பேரேடு

அம்மா, நான் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே இருவரும் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. எந்தப் பழக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டாலும் சரி என்பது போல அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் தூக்கத்தைத்தான் முதலில் வைப்பேன்.

உங்கள் திட்டத்தையே கூட்டிக் கழித்துப் பாருங்கள். இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 5 மணி வரை சரியாக 7 மணி நேரம். வயது வந்தவர்கள் வழக்கமாக 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் தூக்க ஆய்வுச் சங்கமும் 2015இல் கூட்டாகப் பரிந்துரைத்தன. அதாவது, தலையணையில் தலை சாய்த்த நொடியே தூக்கம் வந்தால் மட்டுமே உங்கள் கணக்கு நேராகும். அரை மணி நேரம் பிசகினாலும் அன்றைய கணக்கில் துண்டு விழும், 19 நாட்களில் அது எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூக்கம் குறைந்த உடம்போடு மற்ற ஏழு பழக்கங்களையும் நீங்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் வீட்டில் தூக்கத்தைத் திருடிக்கொண்டிருந்தது கைப்பேசி. படுக்கையை ஒட்டியிருந்த சார்ஜரைக் கழற்றிக் கூடத்து அலமாரிக்குக் கொண்டுபோனேன், எழுவதற்கென ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கினேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரை எந்த உறுதிமொழியும் நிற்கவில்லை. இருபது அடி தள்ளி வைத்த பிறகு உறுதிமொழிக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. சமநிலை வேண்டுமென்றால் எதையாவது சேர்த்துக்கொண்டேதான் போக வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். சில வேளைகளில் ஒன்றைத் தள்ளி வைத்தாலே போதும்.

இன்னொன்று, கட்டங்களைத் தொடர்ச்சியாக எண்ணாதீர்கள், மாத இறுதியில் மொத்தத்தை எண்ணுங்கள். 30 நாட்களில் 24 நாட்கள் செய்திருந்தால் அது நல்ல மாதம்தான். பெஞ்சமின் பிராங்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, தவறிய நாட்களில் கரும்புள்ளி வைக்க ஒரு சிறு ஏடு வைத்திருந்தார். ஆனால் வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டுமே முழுக் கவனம் செலுத்தினார். 13 வாரங்களில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். அவற்றில் 'ஒழுங்கு' என்ற குணம் தமக்குக் கடைசிவரை கைவரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மறுமொழி 4: பத்து நிமிடம்

நடைப்பயிற்சியைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் அது நீக்கிவிட்டது. எனவே அரை மணி நேரம் ஒன்றாகக் கிடைக்காத நாளில் நடையையே விட்டுவிட வேண்டியதில்லை. எட்டு நிமிடமாக இருந்தாலும் அது கணக்கில் சேரும்.

வெற்றுக்கட்டம் (மீண்டும்)

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். இன்றோடு 37 நாட்கள் ஆகின்றன.

ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டேன். இரவில் பல் துலக்கிய பிரஷைக் குவளையில் போட்டதும், கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் சார்ஜரில் பொருத்திவிட்டுப் படுக்கைக்குப் போகிறேன். எழும் நேரத்தை 6 மணியாக மாற்றிக்கொண்டேன். நோட்டில் இப்போது நாளுக்கு ஒரே கட்டம், பேரேடு ஐயா சொன்னபடி மாத மொத்தம் மட்டும் எழுதுகிறேன். 37 நாட்களில் 31 முறை செய்திருக்கிறேன். தவறிய ஆறில் இரண்டு நாட்கள் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகக் கைப்பேசி பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது, மற்ற நான்கும் என் சோம்பலால் நேர்ந்தவை. இம்முறை நோட்டை மூடி வைக்கவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. படுக்கையில் கை சும்மா இருப்பதால், பாதியில் விட்டிருந்த புத்தகத்தை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். சில இரவுகளில் மூன்று பக்கம், சில இரவுகளில் அரைப் பக்கம். அதற்குக் கட்டம் வரையவில்லை, வரையவும் போவதில்லை.

அடுத்தது நடை. ஆனால் சுழற்பணி அவர்களின் கை வெறும் மணிக்கட்டைத் தேடியதுபோல, என் கையும் யோசிக்காமல் அலமாரியை நோக்கிப் போகும் வரை அதைத் தொடங்க வேண்டாம் என்று இருக்கிறேன். எந்தச் செயலை ஒட்டி நடையை வைத்துக்கொள்வது என்று இப்போதே தேடிவருகிறேன். அலுவலகத்தில் மதிய உணவுக்குப் பின் பாத்திரத்தைக் கழுவிப் பைக்குள் வைக்கும் கணம் பொருத்தமாகத் தோன்றுகிறது. அதன் பிறகு பெரும்பாலான நாட்களில் எனக்குப் பத்து நிமிடம் மிச்சமிருக்கிறது.