மெய்டன் ஆல்பங்களைக் கடைசியிலிருந்து முதலிடம் வரை அடுக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

எட்டிதாசன்:

அயர்ன் மெய்டன் என்கிற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டுக்கு ஸ்டுடியோ ஆல்பம் மொத்தம் 17. 1980இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2021இன் சென்ஜுட்சு வரை. அயர்ன் மெய்டன் கேட்கிற யாரும் ஒரு தடவையாவது இந்த வரிசையைப் போட்டிருப்பீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். என் கடைசி மூன்று எப்போதும் மாறாது: 17 விர்ச்சுவல் லெவன், 16 நோ பிரேயர் ஃபார் தி டையிங், 15 தி எக்ஸ் ஃபேக்டர்.

கோவை போகிற ராத்திரி ரயில். எதிர் பெர்த்தில் இருந்தவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். என் சட்டையில் மெய்டனின் சின்னமான எட்டியைப் பார்த்துவிட்டு, “வரிசை சொல்லுங்க தம்பி, கடைசியில இருந்து” என்றார். 15 என்று சொன்னதுமே கையைத் தூக்கி நிறுத்தினார்.

“எனக்கு அதுதான் ஒண்ணு.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “கல்யாணம் ஆயிடுச்சா?” என்றார். இல்லை என்றேன். “சரி, அப்ப 15லயே இருக்கட்டும்.”

அப்புறம் அவரே சொன்னார். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகிவிட்டார், பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸின் குடும்ப வாழ்க்கையும் அந்தச் சமயத்தில்தான் உடைந்தது, 1995இல் வந்த அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டுகூட வெளிச்சத்தில் நிற்காது என்று. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இயர்போனில் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்து ‘சைன் ஆஃப் தி க்ராஸ்’ போட்டார். 11 நிமிடம். தேவாலயத்தில் பாடுகிற மாதிரி அந்தக் குரல்கள் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டவர், பாட்டு முடியும்வரை திறக்கவில்லை. ஜோலார்பேட்டையில் டீக்காரர் வந்து நின்று, பார்த்துவிட்டுப் போய்விட்டார். எதிர் பெர்த்காரர் சேலத்தில் இறங்கிக்கொண்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அது இன்னமும் 15தான். ஆனால் அந்த எண்ணை எழுதும்போதெல்லாம் அவர் முகம் வந்துவிடுகிறது. உங்களுக்கும் இப்படி யாராவது?

பழையகேசட்:

எனக்கு ஆள் இல்லை, டேப்தான். காலேஜ் சீனியர் ஒருவர் 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஏ பக்கம் பவர்ஸ்லேவ், பி பக்கம் பீஸ் ஆஃப் மைண்ட். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். பவர்ஸ்லேவ் 51 நிமிடம், டேப்பின் ஒரு பக்கம் 45.

‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்’ கிட்டத்தட்ட 14 நிமிடப் பாட்டு. அதன் நடுவில் எல்லாம் அடங்கிப்போய், கப்பலின் மரம் கிறீச்சிட, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்க, மாலுமிகள் ஒவ்வொருவராகச் செத்து விழுகிற இடம் வருமே? அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி, இதோ உடைக்கப் போகிறது என்கிற நேரத்தில் ‘டக்’. பிளேயர் பட்டன் மேலே எழும்பிவிடும். எல்லாரும் செத்தார்கள், பாட்டு முடிந்தது. மெய்டன் வேண்டுமென்றே அப்படி முடித்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் ஹாஸ்டலில் பேசிக்கொண்டோம். அந்தப் பாட்டுக்கு மூலமான கோல்ரிட்ஜின் கவிதையை யாரும் படித்திருக்கவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஒரு நண்பன் வீட்டில் சிடி ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டை வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நிற்கிறேன். அந்த இடம் வந்தது, ‘டக்’குக்காகக் காது தானாகக் காத்திருந்தது. டக் வரவில்லை. டிரம்ஸ் இறங்கியது, புரூஸ் கத்தினார், அதற்கப்புறம் இரண்டு கிட்டாரும் சேர்ந்து ஓடின. கையில் தட்டோடு அப்படியே நின்றேன். நண்பனின் அம்மா “சாம்பார் வேணுமாப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலிடம் பவர்ஸ்லேவ். விவாதத்துக்கு இடமில்லை. ஆனாலும் அந்த அறுந்துபோன முடிவு இன்னும் கொஞ்சம் பிடித்துத்தான் இருக்கிறது.

நடுநிலையாளன்:

@எட்டிதாசன், ரயில்காரர் சொன்னதுதான் சரி. எக்ஸ் ஃபேக்டரை 15இல் வைப்பவர்கள் பாட்டைக் கேட்பதில்லை, புரூஸுக்குப் பதிலாக வந்த பிளேஸ் பெய்லி புரூஸ் இல்லை என்கிற குறையைத்தான் கேட்கிறார்கள். பிளேஸின் குரல் இயல்பிலேயே கீழ்ச் சுருதி. அந்த ஆல்பம் அவருக்குப் பொருந்தும்படி எழுதப்பட்டது, அதனால் நிற்கிறது. மேடையில் புரூஸின் பழைய பாட்டுகளை அவரைப் பாட வைத்ததுதான் பிரச்சினை. விர்ச்சுவல் லெவனுக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ‘தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர்’ பத்து நிமிடம் ஓடுகிறது, அதில் பாதி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது.

என் அனுபவம் சின்னது. கல்யாண வீட்டுப் பந்தியில் என் மச்சான் முதலிடத்தில் ‘லைவ் ஆஃப்டர் டெத்’தை வைத்தான். அது லைவ் ஆல்பம்டா என்றேன். “நல்லா இருக்குல்ல?” என்றான். பிரியாணியை விட்டு எழுந்துவிட்டேன்.

அதனால் வரிசை போடுகிறவர்களுக்குச் சில யோசனைகள். முதலில், லைவ் மார்க்கை ஸ்டுடியோ கணக்கில் சேர்க்காதீர்கள். ‘தி க்ளான்ஸ்மன்’ பிடிக்கும் என்கிறவர்களில் பாதிப் பேர் கேட்டது 2001இல் ரியோவில் புரூஸ் பாடியதை. விர்ச்சுவல் லெவனில் இருப்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். அடுத்து, தயாரிப்பாளரைக் கவனியுங்கள். 1981 கில்லர்ஸ் முதல் 1992 ஃபியர் ஆஃப் தி டார்க் வரை மார்ட்டின் பிர்ச். புரூஸும் கிட்டார்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்த பிறகு 2000இல் வெளியான பிரேவ் நியூ வேர்ல்ட் முதல் கெவின் ஷர்லி. இந்த இரண்டு காலத்தையும் ஒரே தராசில் போட்டால் புது ஆல்பங்கள் எப்போதுமே தோற்கும், ஏனென்றால் அவை நீளமானவை, நிதானமானவை, பாதிப் பாட்டு மெதுவான பேஸ் கிட்டாரில்தான் ஆரம்பிக்கும். பால் டியானோ பாடிய முதல் இரண்டையும் தனியாக எடுத்துவையுங்கள், அது கிட்டத்தட்ட வேறு பேண்ட். கடைசியாக, எந்த ஆல்பத்தை முதலில் கேட்டீர்களோ அதிலிருந்து இரண்டு இடம் கழித்துவிடுங்கள். @பழையகேசட், இது உங்களுக்கும்தான். அறுந்த டேப்புக்கெல்லாம் மார்க் கிடையாது.

பழையகேசட்:

யோசனை யார் கேட்டார்கள்?

மேகராணி:

என் கதை புக் ஆஃப் சோல்ஸ். 2015. கடைசிப் பாட்டு ‘எம்பயர் ஆஃப் தி க்ளவுட்ஸ்’, 18 நிமிடம், புரூஸ் பியானோவில் உட்கார்ந்து எழுதியது.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மதுரை சோமு கச்சேரியைத் தவிர வேறு எதற்கும் சத்தத்தைக் கூட்ட விடமாட்டார். அன்றைக்குக் கரண்ட் போய் வந்ததில் என் போன் ஸ்பீக்கரோடு தானாக இணைந்து, கூடத்தில் இந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நிறுத்த ஓடினேன். பியானோ என்பதால் “இருக்கட்டும்” என்றார். பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, இது எதைப் பற்றி என்று கேட்டார்.

ஆர்101 என்கிற ஆகாயக் கப்பல் என்றேன். 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குப் புறப்பட்டது. அவருக்கு அங்கேதான் ஆர்வம் வந்தது. “நம்ம பக்கம் வர இருந்ததா?” என்றார். பாட்டு நடுவே சிக்னல் மாதிரி ஒலிக்கிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அது அவருடைய துறை. கிட்டார் உச்சத்துக்குப் போனபோது முகம் சுளித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மறுபடி பியானோ மட்டும் வந்ததும் கேட்டார்: “யாராச்சும் பிழைச்சாங்களா?”

பிரான்சில் விழுந்தது, 48 பேர் இறந்தார்கள், ஒரு சிலர்தான் மிச்சம் என்றேன். “அவசரப்பட்டு அனுப்பியிருப்பானுங்க” என்று சொல்லிவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். படித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான். சோதனைகளை முழுசாக முடிக்காமல் கிளப்பியிருக்கிறார்கள்.

என் வரிசையில் அது 4. அந்த இரட்டை ஆல்பத்தில் நான் தாண்டிவிடுகிற பாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒரே ஒரு பாட்டுக்காக ஆல்பத்தைத் தூக்கி மேலே வைக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள். நடுநிலையாளன் தவிர.

நடுநிலையாளன்:

வைக்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஃபியர் ஆஃப் தி டார்க் முதல் ஐந்துக்குள் வந்துவிடும். தலைப்புப் பாட்டைத் தூக்கிவிட்டால் அதில் என்ன இருக்கிறது? ‘வீக்கெண்ட் வாரியர்’ இருக்கிறது.

திருப்பூர்_எக்ஸ்எல்:

‘அஃப்ரெய்ட் டு ஷூட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ அதே ஆல்பம்தான் ஐயா.

டான்ஸ் ஆஃப் டெத்தை எல்லாரும் 10க்கும் 14க்கும் நடுவில் போட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். எனக்கு அது 6. அதிலிருக்கிற ‘பாஷெண்டேல்’ பாட்டு ஒன்று போதும் (ஆமாம், மேகராணி செய்வதையேதான் நானும் செய்கிறேன்). எனக்கு மட்டும் ஒரு டீ ஷர்ட் போட்டுக்கொள்ளலாம் என்று அட்டைப்படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, தெரிந்த பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனேன். டிசைன் பார்க்கிற பையன் திரையில் பெரிதாக்கினான். முகமூடி போட்ட உருவங்கள், திரும்பாத கழுத்து, தரையில் ஒட்டாத கால்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, இது ரஃப். ஃபைனல் ஃபைல் குடுங்க.”

இதுதான் ஃபைனல் என்றேன். நம்பவில்லை. முதலாளியைக் கூப்பிட்டான். அவரும் பார்த்துவிட்டு “டிசைனர் இன்னும் முடிக்கலையேப்பா” என்றார்.

விஷயம் என்னவென்றால் அவர்கள் சொன்னது நிஜம். அந்தப் படம் பாதி வேலையில் இருந்தது, பேண்ட் அதையே அச்சுக்கு அனுப்பிவிட்டது, வரைந்தவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். ஓவியர் டெரெக் ரிக்ஸ் சம்வேர் இன் டைம் ஆல்பத்தின் அட்டையில் ஒவ்வொரு கடைப் பலகையிலும் ஒரு குறும்பை ஒளித்து வைத்த அதே பேண்ட். 2003இல் உலகமே வாங்கிய அட்டையை ஒரு டிசைன் பையன் ஒரே நொடியில் திருப்பி அனுப்பினான். கடைசியில் பவர்ஸ்லேவ் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒற்றைப்பெடல்:

காலேஜ் கல்சுரல்ஸ். எங்களுக்கு முன்னால் ஏறிய டீமின் டிரம்மர் பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க, புத்தம்புது டபுள் பெடல் கொண்டுவந்திருந்தான். ‘வேர் ஈகிள்ஸ் டேர்’. பீஸ் ஆஃப் மைண்டின் முதல் பாட்டு, டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் மெய்டனுக்கு வாசித்த முதல் ஆல்பத்தை 1983இல் திறந்துவைத்த பாட்டு, ஆரம்பத்திலேயே டிரம்ஸ் மேல் உருண்டு வருகிற அந்த வாசிப்பு. பையன் ஒரு நிமிடத்துக்குள் தாளத்தைத் தொலைத்துவிட்டான். கீழே நின்றிருந்த சவுண்ட்காரர், ஐம்பது வயசு இருக்கும், மைக் வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அந்தாளு இதை ஒத்தக் காலுல அடிச்சான் தம்பி.”

எனக்கு அது அதுவரை தெரியாது. நிக்கோ ஒற்றைப் பெடல்காரர் என்று அப்புறம் தேடிப் படித்தேன். எங்கள் ஊர் ஆடியோ செட் ஆளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டார்.

முதலிடம் பீஸ் ஆஃப் மைண்ட். ‘தி ட்ரூப்பர்’ வேறு இருக்கிறது. பவர்ஸ்லேவ் இரண்டு.

பழையகேசட்:

@ஒற்றைப்பெடல், என் கேசட்டில் பி பக்கம் அதுதான், முழுசாகவே பதிந்திருந்தது, அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். ‘க்வெஸ்ட் ஃபார் ஃபயர்’ என்று ஒரு பாட்டு. முதல் வரியிலேயே டைனோசர் நடக்கிறது, அதே காலத்தில் மனிதன் குகையில் உட்கார்ந்து நெருப்புக்குச் சண்டை போடுகிறான். அந்த ஆல்பம் முதலிடமா?

ஒற்றைப்பெடல்:

டிரம்ஸை மட்டும் கேளுங்கள் அண்ணே.