வரி இல்லாத 17 பிளேட் யாரிஸ் ஹைபிரிட்: டீலரிடம் எதைச் சொல்லி விலை குறைப்பது?

ஹேரோ_புதியவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். லண்டன் ஹேரோ பகுதியில் குடியிருக்கிறேன். இந்த நாட்டில் வாங்கப்போகும் முதல் கார் இது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ஒருமுறை கட்டிய ஆயுள் வரி, கார் கைமாறினாலும் காரோடேயே போகும் என்று பழகிவிட்டதால், இங்குள்ள முறை எனக்குப் பிடிபடவில்லை.

பார்த்து வைத்திருப்பது டொயோட்டா யாரிஸ் ஹைபிரிட், 17 பிளேட் (2017இல் பதிவானதைக் காட்டும் எண்), 61,000 மைல் ஓடியது, விலை 8,995 பவுண்டு. விளம்பரத்தில் ‘ஆண்டு வரி 20 பவுண்டு மட்டுமே’ என்று போட்டிருக்கிறார்கள். பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது, முதல் பதிவு 2017 மே என்றும், வரி கட்டப்படவில்லை என்றும், எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் எடுக்கும் வாகனத் தகுதிச் சோதனை) ஜனவரி நடுவில் முடிகிறது என்றும் காட்டியது. போன எம்.ஓ.டி.யில் முன் டயர்கள் இரண்டும் தேய்மான எல்லையை நெருங்கிவிட்டன என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள்.

டீலரிடம் கேட்டதற்கு, வரி இல்லாமல் விற்பதுதான் வழக்கம், வீட்டுக்கு ஓட்டிப் போய் இரண்டு வாரத்துக்குள் கட்டிக்கொண்டால் போதும் என்கிறார். விளம்பரத்தில் இல்லாத 149 பவுண்டு ‘அட்மின் கட்டணம்’ ஒன்றையும் தொலைபேசியில் சொன்னார். இந்த விலை மாதக் கடைசி வரைதான், நவம்பர் 28ஆம் தேதி வெள்ளிக்கிழமையே காரை எடுத்துவிட வேண்டும் என்றும் அவசரப்படுத்துகிறார். வரி இல்லாத கார் என்றால் சந்தேகப்பட வேண்டுமா? வரித் தொகையை விலையில் கழிக்கச் சொல்வது முறையா?

வெம்ப்ளி_வாசகர்

தயங்காமல் ஓராண்டு வரியை முழுதாகக் கழிக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அவருக்கும் விற்றாக வேண்டிய கட்டாயம் இருக்கும்.

பழைய_கராஜ்காரன்

தம்பி, வரி இல்லை என்பதற்காக மட்டும் அந்தக் காரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 1ஆம் திகதி முன்கண்ணாடியில் ஒட்டும் வட்ட வரிச்சீட்டை எடுத்துவிட்டார்கள்; அன்று முதல் வீதி வரி காரோடு கைமாறுவதும் நின்றுபோனது. பழைய உரிமையாளர் காரைக் கொடுத்துவிட்டதாக வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏக்கு அறிவித்ததும், மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே டீலர் முற்றத்தில் நிற்கும் பெரும்பாலான கார்கள் வரியில்லாமல்தான் நிற்கும். வெள்ளோட்டத்துக்கு அவர்கள் சிவப்பு எழுத்துள்ள ட்ரேட் பிளேட்டை மாட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனால் அந்த இரண்டு வாரக் கதையை நம்ப வேண்டாம். அப்படி ஒரு நாள் சலுகைகூடக் கிடையாது. காசு கொடுத்துச் சாவியை வாங்கிய பிறகு வரி கட்டாமல் வீதியில் இறக்கினால், எண் பலகையைப் படிக்கும் கமராவில் முதல் சந்தியிலேயே மாட்டலாம். நீதிமன்றம் வரை போனால் தண்டம் 1,000 பவுண் வரை உண்டு. ட்ரேட் பிளேட்டைக் கடனாகத் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னாலும் வாங்காதீர்கள், அது வியாபாரிகளின் தொழில் தேவைக்கு மட்டும் உரியது.

வெம்ப்ளி நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. எந்தக் காரை எந்த டீலரிடம் வாங்கினாலும் இனிமேல் வரும் வரி உங்கள் செலவுதான். அதைக் கழிக்கச் சொன்னால், சட்டமே அப்படித்தான் என்று ஒரே வார்த்தையில் உங்கள் வாயை அடைத்துவிடுவார்; அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான விடயமும் எடுபடாது. உங்களிடம் இருக்கும் கெட்டியான பிடி அந்த இரண்டு ரயர்களும் குறுகிய எம்.ஓ.டி.யும்தான்.

கணக்குப்பிள்ளை

கராஜ்கார அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்தக் காரில் வரியே பேரத்துக்குரிய விஷயமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல.

17 பிளேட் என்பது 2017 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பதிவான கார்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வரி விதிகள் மாறின. மார்ச் மாதத்தில் பதிவான யாரிஸ் ஹைபிரிட்டுக்குப் புகை அளவை வைத்துத்தான் வரி; கிலோமீட்டருக்கு 100 கிராமுக்கும் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுவதால் முன்பு பூஜ்யமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 20 பவுண்டு ஆகியிருக்கிறது. ஏப்ரலுக்குப் பின் பதிவான அதே காருக்கு, புகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதல் ஆண்டு கழிந்தபின் ஒரே நிலையான வரிதான். 2025-26 நிதியாண்டில் அது 195 பவுண்டு. ஹைபிரிட்களுக்கு இருந்த 10 பவுண்டுத் தள்ளுபடியையும் அதே 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஒரே நிறம், ஒரே பிளேட், ஒரே விலையில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்கலாம். ஒன்றுக்கு 20, மற்றதற்கு 195.

உங்கள் கார் மே மாதப் பதிவு. எனவே விளம்பரத்தில் போட்ட 20 பவுண்டு தவறு. அந்த டீலர் வேண்டுமென்றே செய்தாரா, மார்ச் மாதக் காரின் விவரத்தை அப்படியே நகல் எடுத்துப் போட்டாரா என்பது நமக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். ஆண்டுக்கு 175 பவுண்டு வித்தியாசம். நான்கு ஆண்டுகள் வைத்திருந்தால் 2025-26 விகிதத்திலேயே 700. ஆகவே ‘இந்த ஆண்டு வரியைக் கொடுங்கள்’ என்று கேட்காமல், ‘20 பவுண்டு வரி என்ற கணக்கில்தான் உங்கள் விலையை ஒப்புக்கொண்டேன், அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது’ என்று சொல்லுங்கள். விளம்பரப் பக்கத்தை அவர் திருத்துவதற்குள் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

700 முழுதாகக் கிடைக்காது. மே மாதப் பதிவுக் கார்கள் வேறு இடங்களில் என்ன விலைக்குப் போகின்றன என்பதை அவரும் அறிவார். 300 கிடைத்தால் நல்ல பேரம்.

அட்மின் கட்டணத்தைப் பேரத்தில் சேர்க்கவே வேண்டாம். கட்டாயமாக வாங்கும் எந்தக் கட்டணமும் விளம்பர விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 6 முதல் சட்டம். ‘அதை விட்டுக்கொடுத்தேன், அதனால் வேறு எதுவும் குறைக்க முடியாது’ என்று அவர் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

ஹேரோ_புதியவர்

மிக்க நன்றி. மார்ச், மே வித்தியாசம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்று அவர் பிடிவாதம் பிடிப்பதை எப்படி எதிர்கொள்வது?

பழைய_கராஜ்காரன்

கணக்குப்பிள்ளை சொன்ன பதிவுத் திகதியை நான் கவனிக்கவில்லை, அது நல்ல பிடி.

வெள்ளிக்கிழமையைப் பொறுத்தவரை, நீங்கள் எந்த நாளில் வரி கட்டினாலும் அந்த மாதம் 1ஆம் திகதியில் இருந்துதான் எடுப்பார்கள். நவம்பர் 28இல் கட்டினால் நவம்பர் முழுவதுக்கும் கட்டியதாகிவிடும். டிசம்பர் 1, திங்கட்கிழமை எடுத்தால் அது மிச்சம். ஆனாலும் 16 பவுண் சொச்சம்தான். அதற்காக நல்ல காரை விட்டுவிடாதீர்கள். ‘ஒப்பந்தத்தை வெள்ளியன்றே எழுதிக்கொள்வோம், முற்பணம் தருகிறேன், கார் திங்களன்று என் பெயருக்கு மாறட்டும்’ என்று சொல்லுங்கள். அவருக்கு நவம்பர்க் கணக்கில் ஒரு விற்பனை, உங்களுக்கு ரயர் மாற்றுவதற்கு இரண்டு நாள் அவகாசம்.

முற்பணம் 100 பவுணாக இருந்தாலும் கடன் அட்டையில் கொடுங்கள். காரின் விலை 30,000 பவுணுக்கு மேற்படாதவரை, ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டினாலும் முழு விலைக்கும் அட்டை நிறுவனம் டீலரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். அட்டைக்கென்று தனிக்கட்டணம் கேட்டால் அதுவும் 2018இல் இருந்து தடை.

காசாகக் குறைக்க மறுத்தால் சர்வீஸ் கேளுங்கள். அதையும் டொயோட்டாவின் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் செய்து தரச் சொல்லுங்கள். அங்கே சர்வீஸ் செய்தால், கார் 10 வயதையோ 1,00,000 மைலையோ தாண்டாதவரை, அவர்கள் இன்னும் ஓராண்டு உத்தரவாதம் சேர்த்துக் கொடுப்பார்கள். டீலர் தன் வெளிக்கராஜில் எண்ணெய் மாற்றித் தந்தால் அது கிடைக்காது. பழைய ஹைபிரிட் வாங்குபவருக்கு 200 பவுண் தள்ளுபடியை விட இதுதான் பெரிது என்பேன்.

ஹேரோ_புதியவர்

பேசி முடித்துவிட்டேன். விளம்பரப் படத்தையும் அரசு இணையதளத்தில் உள்ள பதிவு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியதும், ‘அது வேறு காரின் விவரம், பையன் மாற்றிப் போட்டுவிட்டான்’ என்றார். முதலில் 100 பவுண்டு குறைத்தார். முன் டயர்கள், எம்.ஓ.டி. எல்லாம் சேர்த்துப் பேசியதில், விலை 8,695 என்றும், இரண்டு புதிய டயர்கள் போட்டு, புது எம்.ஓ.டி. எடுத்து, டொயோட்டா நிலையத்தில் சர்வீஸ் செய்து, டிசம்பர் 1 அன்று தருவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்மின் கட்டணம் பற்றிய பேச்சே எழவில்லை.

இரண்டு சந்தேகங்கள். ரசீதின் அடியில் ‘பார்த்த நிலையில் விற்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. லாக் புக் (காரின் பதிவுச் சான்று) என் பெயரில் வருமுன் வரி எப்படிக் கட்டுவது?

கணக்குப்பிள்ளை

‘பார்த்த நிலையில்’ என்ற அந்த வாசகத்துக்கு வியாபாரியிடம் வாங்கும்போது மதிப்பில்லை. முதல் 30 நாட்களுக்குள் முக்கியமான குறை தெரிந்தால் காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; ஆறு மாதம் வரை தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். ஆனாலும் அந்த வாசகத்தை அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அவரிடமிருந்து வாங்கலாமா என்று மறுபடி யோசியுங்கள்.

பழைய_கராஜ்காரன்

லாக் புக் முழுவதையும் டீலர் தர மாட்டார், அதில் உள்ள புதிய உரிமையாளருக்கான பச்சைத் துண்டைத் தருவார். அதில் இருக்கும் 12 இலக்க எண்ணை வைத்து, முற்றத்தில் நின்றபடியே கைபேசியில் வரியைக் கட்டிவிடலாம். துண்டைக் கையில் வாங்காமல் மிச்சப் பணத்தை அனுப்பாதீர்கள். மாதாமாதம் கட்டினால் 5 வீதம் கூட, 195 என்பது 204 பவுண் 75 பென்ஸ் ஆகும். ஒரே தடவையில் கட்ட முடிந்தால் அதுவே நல்லது. புது எம்.ஓ.டி. பதிவாகிவிட்டதா என்று காலையில் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதி டிசம்பர் 1 அன்று எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். மதியம் 12 என்று போட்டுவிட்டுக் காலை 10 மணிக்குக் காரை எடுக்கப் போகிறவர்கள் உண்டு.