சொல் தேவை: மண்ணில் நனோ துணிக்கை, பயிரின் அடுத்த சந்ததி

அக்கரைப்பற்றிலிருந்து:
வணக்கம். மண்ணிலுள்ள நனோ துணிக்கைகள் (மிக மிக நுண்ணிய துகள்கள்) பயிரின் போசணைத் தரத்தைச் சந்ததி தாண்டியும் மாற்றுமா என்பது பற்றிய குறிப்பொன்றில், பயிர் துணிக்கைக்கு ஆளாவதைக் (exposure) குறிக்கும் 'வெளிப்பாடு' இடிக்கிறது. பரம்பரையலகு வெளிப்பாடும் அதே பந்தியில் வருகிறது. 'துணிக்கை எச்சவிளைவு' சரிவருமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
'எச்சம்' வேண்டாம் ஐயா. உயிரியலில் அது பிள்ளைச் சந்ததி, மரக்கறியில் கிருமிநாசினி மிச்சம். இந்த ஆய்வில் குழம்பக்கூடாதவை அந்த இரண்டும்தான். பெரும்போகத்தில் துணிக்கை கலந்த அதே பாத்தியில் சிறுபோகத்திலும் விதைத்தால், மாற்றம் விதையோடு வந்ததா, மண்ணில் கிடந்ததா என்று பிரிக்க வழியில்லை. துணிக்கையாகக் கலக்கும் சீரியம் ஒட்சைட்டு பெரும்பாலும் கரையாமலே கிடக்கும். நாக (துத்தநாக, zinc) ஒட்சைட்டு கரைந்து நாக அயனாகும். அமில மண்ணில் இன்னும் வேகமாக.

அதனால் சாடியில் நாலு கூட்டம் வேண்டும்: தாயும் சேயும் சுத்த மண்ணில், தாய் மட்டும் துணிக்கை மண்ணில், சேய் மட்டும், இரண்டுமே. நாகமென்றால் அதேயளவு நாகம் தரும் நாக சல்பேற்று ஒரு கூட்டத்துக்கும், சாதாரண நாக ஒட்சைட்டுப் பொடி இன்னொன்றுக்கும். இல்லாவிட்டால் வெறும் பசளையின் பலனை நனோவின் கணக்கில் எழுதிவிடுவோம். நாகம் கூடிய விதை, துணிக்கை இல்லாமலே நல்ல நாற்றுத் தரும்.

சொல்லுக்கு வருகிறேன். வெயில் படுது, மருந்து படுது என்கிறோமே, 'துணிக்கைபடுதல்' போதும். 'படல்' வேலியில் நிற்கிறது, 'படுகை' ஆற்றில் கிடக்கிறது. சந்ததிக்குத் தாய்ப்பயிர், சேய்ப்பயிர், பேரப்பயிர்.

வாழைச்சேனையிலிருந்து:
பேரப்பயிர் எதற்கு? இரண்டு சந்ததி போதாதா அக்கா? சோளனில் செய்தால் சீக்கிரம் முடியுமே.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
போதாது தம்பி. சேய்ப்பயிரின் முளையம் தாய்ச்செடியில் இருக்கும்போதே துணிக்கை அதிலும் பட்டிருக்கலாம். அதுவரை 'விதைவழி விளைவு' என்போம். துணிக்கையே படாத பேரப்பயிரிலும் மாற்றம் நின்றால்தான் 'சந்ததி கடந்த விளைவு'.

கலப்பினச் சோளனை இதற்குத் தொடவே வேண்டாம். அதன் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த சந்ததி தானாகவே பிரிந்து கலைந்து வரும். உயரம், கதிர், புரதம் எல்லாம் ஆளுக்கொரு பக்கம். தன்மகரந்தச் சேர்க்கையுள்ள நெல், கௌப்பி, கச்சான் நல்லவை. கச்சான் காய் மண்ணுக்குள்ளேயே விளைவதால், கோதில் ஒட்டிய துணிக்கை பருப்புக் கணக்கில் ஏறிவிடும். கழுவி, காயவைத்து, கோதையும் பருப்பையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

'போசணைத் தரம்' என்பதையும் விரித்து எழுதுங்கள். மொத்த நாகம் கூடினால் மட்டும் தரம் கூடியதாகாது. விதையில் நாகத்தைப் பிடித்துவைக்கும் பைற்றிக் அமிலத்துக்கும் நாகத்துக்குமான மூல் விகிதம் 15ஐத் தாண்டினால் உடம்பு உறிஞ்சுவது குறைவு.

அக்கரைப்பற்றிலிருந்து:
'துணிக்கைபடுதல்', 'விதைவழி விளைவு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'சந்ததி கடந்த' என்பதை 'சந்ததிதாண்டு விளைவு' என்று சுருக்கலாமா? அட்டவணைத் தலைப்பில் இடமில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
தலைப்பில் சுருக்குங்கள். உள்ளே முழுதாகவே இருக்கட்டும்.