தோல் சீற் பாவிக்கிற ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம் உறவுகளே. அப்பாவின் பழைய றலி சைக்கிளுக்குத் தோல் சீற் போட விருப்பம். கோண்டாவிலில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவு வரை ஓடுவேன். இப்ப இருக்கிற பஞ்சு சீற் முதலில் சொகுசு. அப்புறம் பஞ்சு அமுங்கி, குண்டி எலும்பு இரண்டும் நோகத் தொடங்கிவிடும்.

லண்டனில் இருக்கிற அண்ணா புறூக்ஸ் கொம்பனியின் பி17 தோல் சீற் கொண்டுவரலாம் என்கிறார். அது கொஞ்சம் குனிந்து ஓடுபவர்களுக்கு ஏற்றது. நானோ நிமிர்ந்திருந்து ஓடுகிற ஆள். அகலமான, ஸ்பிரிங் வைத்த அவர்களின் பி67 சீற் கேட்கலாமா?

மற்றது பராமரிப்பு. மாரியில் நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட வேண்டும், அது தெரியும். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள். தோல் அளவுக்கு மீறி இளகித் தொய்ந்துவிடும், எனக்கு மனமில்லை. தேன்மெழுகு கலந்த தோல் மெழுகு யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம்? சீற்றின் முன்மூக்கின் கீழ் இருக்கிற, தோலை இழுத்து இறுக்குகிற இழுவை நட்டை எப்போது, எவ்வளவு இறுக்குகிறீர்கள்?